டபுள்னா எந்த டபுளுங்க?

அக்காமாருங்களே, கோபில இருந்து எழுதறேனுங்க. பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்ட குரோஷாவை (கொக்கி ஊசில நூல் பின்னற வேலை) 18 வருசம் கழிச்சு மறுபடி எடுத்திருக்கேன். தங்கச்சி மாசமா இருக்கா, பாப்பாவுக்கு என் கையால ஒரு தொப்பி போடணும்னு ரொம்ப ஆசை.

கை மறக்கலைங்க, பேட்டர்ன், அதாவது பின்னல் குறிப்பு, படிக்கறதுதான் சிக்கல். அமெரிக்காக்காரங்க சிங்கிள் குரோஷேன்னு சொல்ற பின்னலை பிரிட்டிஷ்காரங்க டபுள்ங்கறாங்க. அமெரிக்க டபுள் அங்க ட்ரெபிள் ஆயிடுது. என்கிட்ட இருக்கற தாள்ல எந்த நாட்டு முறைன்னு போடலை. சிங்கிள்ங்கற வார்த்தையே எங்கயும் காணோம். அப்ப பிரிட்டிஷ் முறைன்னு எடுத்துக்கலாமுங்களா? தப்பா எடுத்தா தொப்பியோட உயரமே மாறிப்போகும்.

இன்னொண்ணு. அதுல கம்பளி நூலும் 4 மி.மீ. ஊசியும் போட்டிருக்கு. நம்மூரு வெயிலுக்குப் பருத்தி நூல்தான் தோதுன்னு திருப்பூர்ல வாங்கி வெச்சிருக்கேன். பருத்தி கம்பளி மாதிரி இழுவை குடுக்காதே, கண்ணியைக் கூட்டணுமா, ஊசியை மாத்தணுமா? போட்டுப் பழகினவங்க சொல்லுங்க.