பிசியை மாற்றினால் நெட் வேகமும் பிங்கும் சரியாகுமா?

திருநகர் மாடிவீடு:
வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர். ரூட்டர் கீழே ஹாலில் டிவிக்குப் பின்னால், என் பிசி மாடியில். போனை எடுத்துக்கொண்டு ரூட்டர் பக்கத்தில் நின்றால் 90க்கு மேல் காட்டுகிறது, பிசியிலோ 30ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. வாலரன்ட் (ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம்) ஆடும்போது மும்பை சர்வருக்கு பிங், அதாவது தகவல் போய்வர ஆகும் நேரம், 40 மில்லிசெகண்ட் சுமாருக்கு இருக்கும், சாயங்காலமானால் திடீரென்று 250, 300 என்று எகிறிவிடும். சுட்டதும் நான்தான், செத்ததும் நான்தான். நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், வைஃபைக்குப் பழைய யுஎஸ்பி டாங்கிள். கடையில் கேட்டால் மதர்போர்டு, பிராசசர், ராம் மூன்றையும் மாற்றினால் நெட் பறக்கும் என்று 32,000 ரூபாய்க்கு கொட்டேஷன் கொடுத்துவிட்டார்கள். அப்பாவிடம் வாயைத் திறப்பதற்கு முன்னால் இங்கே கேட்கிறேன்.

ஒத்தக்கடை:
அந்தக் கொட்டேஷனை மடித்து வை தம்பி. ராம் பத்தவில்லை என்றால் கேம் திக்கும், எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்பது) விழும், அதைப் பார்த்து நெட் ஸ்லோ என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். பிங் வேறு கதை. மும்பை நம் மதுரைக்கு நேர்கோட்டிலேயே 1,100 கிலோமீட்டருக்கு மேல், ஃபைபரில் வெளிச்சம் ஓடுவது விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர், ஆக போய்வருவதற்கே 11, 12 மில்லிசெகண்ட் ஆகிவிடும், கேபிளும் நேர்கோட்டில் போவதில்லை. 40 நல்ல பிங்தான், எந்த பிராசசரும் அந்தத் தூரத்தைக் குறைக்காது.

எகிறுவது எங்கே என்று முதலில் பார். கமாண்ட் பிராம்ப்ட் இரண்டு திறந்து, ஒன்றில் ரூட்டருக்கு பிங் போடு (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொன்றில் 8.8.8.8க்கு (வெளியே இருக்கும் கூகுள் சர்வரின் முகவரி). இரண்டும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ரூட்டருக்கே எகிறினால் வீட்டு வைஃபைதான் கோளாறு. அது நிதானமாக இருந்து 8.8.8.8 மட்டும் எகிறினால் ரூட்டரிலிருந்து வெளியே போகிற லைனில்தான் கோளாறு.

மேலூர் ரோடு:
எனக்கு பிசி மாற்றிய பிறகுதான் 300 எம்பிபிஎஸ் பிளான் முழுசாக வந்தது. அதனால் சுத்தமாக சம்பந்தமே இல்லை என்று சொல்லாதீர்கள்.

ஒத்தக்கடை:
உங்கள் பழைய மதர்போர்டில் லேன் போர்ட் (நெட் கேபிள் சொருகும் இடம்) 100 எம்பிபிஎஸ்தான் இருந்திருக்கும், அது என்ன குட்டிக்கரணம் போட்டாலும் 95ஐத் தாண்டாது. கிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) லேன் கார்டு ஒன்று சொருகியிருந்தாலே போதும், சில நூறு ரூபாயோடு முடிந்திருக்கும்.

திருநகர் மாடிவீடு:
அண்ணே, பார்த்துவிட்டேன். மாடியில் ரூட்டருக்கே 3, 5, 180, 4, 220 என்று தாண்டித் தாண்டி வருகிறது. அப்புறம் சிபியுவைக் கீழே தூக்கி வந்து கேபிள் மாட்டினேன், அதே பழைய பிசியில் 94! ரூட்டருக்கு பிங் 1க்குக் கீழே. ஆனால் அக்கா வேலை முடிந்து வந்ததும் 8.8.8.8 மறுபடி 200க்குப் போய்விட்டது, ரூட்டருக்கு மட்டும் அதே 1.

ஒத்தக்கடை:
அப்படியென்றால் இரண்டு கோளாறு. முதலாவது அந்த டாங்கிள். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கிற வகையாக இருக்கும், நடுவில் கான்கிரீட் தளம் வேறு, அக்கம்பக்கத்து ரூட்டர்களும் அதே அலைவரிசையில் கத்திக்கொண்டிருக்கும். முடிந்தால் ரூட்டரிலிருந்து மாடிக்கு வயர் இழுத்துவிடு.

இரண்டாவது அக்காவின் போன். வீட்டு வைஃபை கிடைத்ததும் அன்றைய போட்டோ, வீடியோ எல்லாம் பேக்கப்புக்குக் கிளம்பும். அப்லோடு நிரம்பினால் ரூட்டரில் வரிசை கட்டும், உன் கேமின் சின்ன பேக்கெட்டும் (தகவல் துண்டும்) அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்கும். ரூட்டரில் கியூஓஎஸ் (எதற்கு எவ்வளவு வேகம் என்று பிரித்துக்கொடுக்கும் செட்டிங்) இருந்தால் அப்லோடை உனக்கு நிஜமாக வருகிற வேகத்தில் 85, 90 சதவீதத்துக்கு மட்டுப்படுத்து, உச்ச வேகம் கொஞ்சம் குறையும், பிங் அடங்கிவிடும். இல்லையென்றால் பேக்கப்பை ராத்திரிக்கு மாற்றச் சொல்லி அக்காவின் காலில் விழு.

திருநகர் மாடிவீடு:
காலில் விழுவதுதான் சுலபம், எங்கள் ரூட்டரில் கியூஓஎஸ் பக்கமே காணோம். வயரை வெளிச்சுவர் வழியாக ஏற்றலாமா? மேற்குப் பக்கம், வெயில் சுள்ளென்று அடிக்கும்.

ஒத்தக்கடை:
அவுட்டோர் கேபிள் என்றே கேட்டு வாங்கு, கறுப்பு உறை, கேட்6. சாதா கேபிள் வெயிலில் வெடித்துவிடும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதையும் மலிவாக விற்பார்கள், முழுச் செம்பா என்று பார்த்துக்கொள். நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். கரன்ட் வயர் போகிற பைப்புக்குள் மட்டும் இதையும் சேர்த்து நுழைத்துவிடாதே.