ஊரணி வரத்துக்கால்: சிமெண்ட் போடுவதா, வருஷா வருஷம் வாருவதா?

பள்ளத்தூர்க்காரன்:
மழைத் தண்ணீரை ஊரணிக்குக் கொண்டுபோகிற வாய்க்கால்தான் வரத்துக்கால். எங்கள் தெரு வரத்துக்காலுக்கு அடியிலும் பக்கத்திலும் சிமெண்ட் பூசி மேலே மூடி போடப் போவதாகப் பேச்சு. வேண்டாம் என்கிறேன். வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், விழுகிற மழை தெருவுக்கு வந்து, கால் வழியாக ஊரணிக்குப் போகிற மாதிரி வாட்டம் பார்த்துக் கட்டிய செட்டிநாட்டு ஊர்கள் இவை. போன ஞாயிறு நாலு பேர் மண்வெட்டியோடு இறங்கினோம். மேலே பாலிதீன் பை, அடியில் மக்கிக் கறுத்த வேப்பிலை, அதற்கும் கீழே களிம்பு மாதிரி செம்மண், முழங்கை ஆழத்துக்கு. வாரிவிட்டு ஒரு குடம் ஊற்றினேன், தேங்காமல் ஓடியது. கால் கெடவில்லை, வாராமல் விட்டோம்.

ரஸ்தா தம்பி:
அண்ணே, ஒரு ஞாயிறு இறங்கலாம், பத்து வருஷம் இறங்குவீர்களா? பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் திறக்கிறார்கள். 2017-ல் குடிமராமத்து என்று தூர் வாரிய எங்கள் கண்மாயில் மறுபடியும் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. மூடிவிட்டால் குப்பையாவது விழாது, கொசுவும் குறையும்.

பள்ளத்தூர்க்காரன்:
மூடினாலும் மண் உள்ளே போகும் தம்பி, கண்ணில் படாது, அவ்வளவுதான். 1000 சதுர அடி கூரையில் 1 செ.மீ. மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல். அடியில் சிமெண்ட் என்றால் போகிற வழியில் ஒரு சொட்டும் மண்ணில் இறங்காது, மொத்தமும் ஒரே மூச்சில் பள்ளத்துத் தெருவில் போய் நிற்கும்.

கோட்டையூர் ஆச்சி:
இரண்டு பேரும் சாக்கடையை மறந்துவிட்டீர்கள். எங்கள் தெருவில் குளியலறைத் தண்ணீரை வரத்துக்காலில் திருப்பியிருக்கிறார்கள். அதை அடைக்காமல் வாரினால் ஊரணிக்குச் சாக்கடை போகத்தான் வழி செய்கிறோம். என் சின்ன வயதில் குடிக்கிற ஊரணியில் கால் நனைக்கவே விடமாட்டார்கள்.

ரஸ்தா தம்பி:
ஆச்சி சொல்வது சரி, சாக்கடைக்குத் தனிக் குழாய் வேண்டும். அடியில் சிமெண்ட் வேண்டாம் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் வாருகிற கூலிக்கு வழி?

பள்ளத்தூர்க்காரன்:
கோயிலுக்குப் புள்ளி வரி, அதாவது கல்யாணமான குடும்பத்துக்கு இவ்வளவு என்று, வாங்குகிறோமே, வெளியூர்ப் பங்காளிகளும் தருகிறார்கள். இதற்கும் அப்படியே கேட்போம். புரட்டாசியில் மழைக்கு முன்னால் ஒரு தடவை, தையில் ஒரு தடவை. அப்புறம் ஊரணி வாய்க்கு முன்னால் ஒரு வண்டல் குழி வெட்டினால் மண் அங்கேயே தங்கும், வரத்துக்காலை முழுக்க நோண்ட வேண்டியதில்லை.

ரஸ்தா தம்பி:
அந்தக் குழியில் ஒரு வாரம் தண்ணீர் நின்றால் கொசுதானே அண்ணே? அடியில் மண்ணாகவே விட்டு, ஜல்லி போட்டு இறங்க வைக்க முடியுமா என்று கொத்தனாரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். மூடி விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை.