பள்ளி நூலகக் கணினிகளில் தமிழ்த் தளங்கள் திறக்கவில்லை: அவசர உதவி தேவை

முல்லைச்சரம்
வணக்கம். சிங்கப்பூரில் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் தமிழ் கற்பித்துக்கொண்டே நூலகப் பொறுப்பையும் கவனித்து வருகிறேன். தமிழ்மொழி விழாவுக்காக, 1952-இல் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாள் விழாவைப் பற்றி உயர்நிலை மூன்று மாணவர்கள் நூலகத்தில் ஒரு கண்காட்சி அமைக்கிறார்கள். நூலகக் கணினிகளில் தமிழ்த் தளங்கள் எதுவும் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வேலை முடிய வேண்டும். என்ன செய்வதென்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கம்பிவடம்
கேள்வி கேட்பவர் என்னென்ன விவரங்களைத் தர வேண்டும் என்று நான் எழுதி வைத்த குறிப்பை இங்கு யாரும் படிப்பதில்லை என்பது எனக்குப் பழகிவிட்டது. எந்தத் தளம்? திரையில் தெரிவது தடை அறிவிப்பா, சான்றிதழ் எச்சரிக்கையா, வெறும் வெள்ளைத் திரையா? மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். கணினி பள்ளியுடையதா, மாணவருடையதா? இவை தெரியாமல் விடை சொல்வதற்குப் பெயர் சோதிடம்.

பழைய எழுத்து
இது எழுத்துருச் சிக்கலாகவே எனக்குப் படுகிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ்ப் பக்கங்கள் திஸ்கி போன்ற குறியேற்றங்களில், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறைகளில், இருந்தன. தமிழ் நூல்களை மின்பதிப்பாக்க 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய கோப்புகள் பலவும் அப்படித்தான். உலாவியில் குறியேற்றத்தை மாற்றிப் பார்த்தீர்களா?

ஈசூன் அப்பா
ஆசிரியரே, எதற்கு இவ்வளவு சுற்று? உங்கள் கைப்பேசி இணைப்பைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துவிடுங்கள். என் மகன் வீட்டில் எல்லாத் தளங்களையும் பார்க்கிறான்.

கம்பிவடம்
ஈசூன் அப்பா அவர்களுக்கு: பள்ளிவழி வாங்கிய மாணவர் சாதனங்களில், எந்தத் தளங்களைத் திறக்கலாம் என்று வடிகட்டும் சாதன நிர்வாகச் செயலி இருக்கிறது. அதன் வடிகட்டல் சாதனத்திலேயே இயங்குவதால், எந்த இணைப்புக்கு மாறினாலும் அது கூடவே வரும். பள்ளி நேரத்துக்குப் பிறகு அதைத் தளர்த்தவோ நிறுத்தவோ பெற்றோருக்கு விருப்பத் தேர்வு உண்டு. உங்கள் வீட்டில் யாரோ அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அதைப் பள்ளி நூலகத்துக்கான தீர்வாகக் கருத முடியாது. மேலும், பள்ளி விதித்த வடிகட்டலைத் தாண்டிச் செல்லும் வழியை ஓர் ஆசிரியரே மாணவருக்குக் காட்டினால், நாளை அவர் எதைச் சொல்லி யாரைத் தடுப்பார்?

சுவடிப்பெட்டி
அம்மா, பதற்றப்பட வேண்டாம். நான் பல ஆண்டுகள் நூலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். தேசிய நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் தளம் திறக்கிறதா? தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்களை அங்கே பார்க்கலாம். அது திறந்து மற்றவை திறக்கவில்லை என்றால், கோளாறு தமிழில் இல்லை, தளங்களைத் தடுக்கும் வடிகட்டியின் வகைப்பாட்டில்தான் இருக்கிறது.

முல்லைச்சரம்
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். செய்தித்தாள் தளம் திறக்கிறது. திறக்காதவை: இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற மின்னூலகத்தில் உள்ள சில பழைய விழா மலர்கள், பிளாக்ஸ்பாட்டில் ஒரு பெரியவர் தம் இளமைக்காலத் திருநாள் விழாக்களைப் பற்றி எழுதியுள்ள வலைப்பூ, இன்னொரு பள்ளி மாணவர்கள் கூகல் சைட்ஸில் உருவாக்கிய பக்கம். சாம்பல் நிறத் திரையில் தடை அறிவிப்பு வருகிறது. கணினிகள் நூலகத்துடையவை. எழுத்துகள் சிதைந்து தெரியவில்லை, பக்கமே வரவில்லை.

கம்பிவடம்
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும். அறிவிப்பில் வகையின் பெயர் எழுதப்பட்டிருக்கும், அதையும் தாருங்கள். அதற்குள் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன்.

வடிகட்டி உங்கள் பக்கத்தைப் படித்துப் பார்த்து முடிவு செய்வதில்லை. பெரும்பாலும் அது தளத்தின் பெயரை ஒரு வகைப்பட்டியலில் தேடுகிறது. ‘தனிநபர் வலைப்பூ’, ‘கோப்புப் பகிர்வு’, ‘வகைப்படுத்தப்படாதது’ என்பவை அப்பட்டியலின் வழக்கமான தலைப்புகள். ஆங்கிலத் தளங்களைப் பார்த்துப் பார்த்து வகைப்படுத்தியவர்கள் சிறிய தமிழ்த் தளங்களைத் தொடாமலே விட்டிருக்கலாம். வகைப்படாததை எல்லாம் தடுப்பது என்று பள்ளியின் அமைப்பு இருந்தால், உங்கள் மாணவர்களுக்குத் தமிழ் இணையத்தில் பாதி இருண்டுவிடும்.

அடுத்தது, எச்டிடிபிஎஸ் எனும் மறையாக்கப்பட்ட இணைப்பில் வடிகட்டிக்குத் தளத்தின் பெயர் தெரியும். அதற்குப் பின்னால் வரும் பக்க முகவரி, இணைப்பைப் பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு இருந்தால் ஒழியத் தெரியாது. பிளாக்ஸ்பாட்டில் ஒவ்வொரு வலைப்பூவுக்கும் தனித் துணைப்பெயர் உண்டு என்பதால் அந்தப் பெரியவருடையதை மட்டும் திறந்துவிடலாம். கூகல் சைட்ஸ் பக்கங்களும் ஆர்க்கைவ் நூல்களும் ஒரே தளப்பெயரின் கீழ் வருகின்றன. அங்கே ஒன்றைத் திறப்பது என்றால், பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில், அனைத்தையும் திறப்பதாகவே ஆகும். நிர்வாகம் தயங்கினால் அதில் நியாயம் இருக்கிறது.

வரிக்குதிரை
இதையெல்லாம் விட எளிய காரணம் இருக்கக்கூடும். சொற்களைப் பிடித்துத் தடுக்கும் வடிகட்டிகள் உண்டு. 1996-இல் இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் நகரத்தார், ஊர்ப்பெயருக்குள் ஓர் ஆபாசச் சொல்லின் எழுத்துகள் ஒளிந்திருந்ததால், ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியாமல் தவித்தார்கள். அந்த வலைப்பூவின் முகவரியிலும் அப்படி ஏதேனும் இருக்கலாம்.

கம்பிவடம்
மூன்று தளங்களின் முகவரிகளிலும் ஒரே நேரத்தில் ஆபாசச் சொல் ஒளிந்திருக்கிறதா? நல்ல கற்பனை.

வரிக்குதிரை
எப்படியும் நூலகர் என்று ஒருவர் இருக்கும் இடத்தில் இயந்திரம் ஏன் முடிவு செய்ய வேண்டும்? அமெரிக்காவில் நூலகரிடம் கேட்டாலே வடிகட்டியை நிறுத்திவிடுகிறார்கள்.

சுவடிப்பெட்டி
அது அரைகுறையான செய்தி, தம்பி. அங்கே 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இணைய வசதிக்கு மத்திய அரசின் சலுகையைப் பெறும் பள்ளிகளும் நூலகங்களும் வடிகட்டியை வைத்தே ஆக வேண்டும். 2003-இல் உச்ச நீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்றது. அந்தச் சலுகையைப் பெறும் இடங்களில் வடிகட்டியை நிறுத்தித் தர அனுமதி இருப்பது பெரியவர்களுக்கு மட்டுமே, பதினேழு வயது நிரம்பாதவர்களுக்கு அன்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சட்டம் தடுக்கச் சொன்னது ஆபாசப் படங்களையும் சிறாருக்குத் தீங்கான படங்களையும் மட்டுமே. எழுத்தை அது தொடவே இல்லை. வடிகட்டிகள்தாம் அந்த எல்லையைத் தாண்டி வலைப்பூ, கலந்துரையாடல் என்று பிடித்துக்கொண்டே போயின.

ஈசூன் அப்பா
பிள்ளை எதைப் படிக்கலாம் என்று முடிவு செய்வது பெற்றோரின் வேலை. நூலகருக்கு அதில் என்ன உரிமை? 2014-இல் நம் தேசிய நூலகத்திலேயே ஒருபாலின இணைகள் இடம்பெறும் குடும்பங்களைப் பற்றிய சில சிறுவர் நூல்களை எடுத்துவிட்டார்களே, அது சரிதானே?

சுவடிப்பெட்டி
அதையே எடுத்துக்கொள்வோம். மூன்று நூல்கள் விலக்கப்பட்டன. செய்தி வெளியானது, இரு பக்கமும் கடிதங்கள் எழுதினார்கள், பெற்றோர் சிலர் பிள்ளைகளோடு நூலகக் கட்டடத்தில் கூடி அந்நூல்களை வாசித்தார்கள். கடைசியில் அமைச்சர் சொல்லி இரண்டு நூல்கள் பெரியவர் பகுதிக்குச் சென்றன. மூன்றாவது அதற்குள் கூழாகியிருந்தது. அந்த முடிவு சரியா தவறா என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபடலாம். ஆனால் எந்த நூல், யார் எடுத்தார், ஏன் எடுத்தார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததால்தான் நம்மால் அதைப் பற்றிச் சண்டை போட முடிந்தது. வடிகட்டி தடுத்த பக்கத்துக்கு அலமாரியில் இடைவெளிகூடத் தெரியாது. பதினைந்து வயதுப் பிள்ளை சாம்பல் திரையைப் பார்த்ததும், தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணிச் சத்தமில்லாமல் சன்னலை மூடிவிடும். அதை நேரில் பார்ப்பவர் நூலகத்தில் இருப்பவர் ஒருவர்தான். அதனால் தடையை நீக்கும் அதிகாரம் அவரிடம் இல்லாவிட்டாலும், தடையைப் பதிவு செய்யும் கடமை அவருடையது என்பேன்.

முல்லைச்சரம் அவர்களே, முகப்பு மேசையில் ஒரு குறிப்பேடு வையுங்கள். மாணவ நூலகர்கள் முழு முகவரி, நாள், நேரம், அறிவிப்பில் இருந்த வகை, எந்தப் பாடத்துக்காகத் தேடினார்கள் என்பதை எழுதட்டும். பிள்ளையின் பெயர் வேண்டாம். பெயரைக் கேட்டால் யாரும் எழுத மாட்டார்கள், கேட்கவும் கூடாது. அதை வைத்துப் பள்ளியின் தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாளருக்கு எழுதுங்கள். ‘தமிழ்த் தளங்களைத் திறந்துவிடுங்கள்’ என்று கேட்டால் கடிதம் கிடப்பில் கிடக்கும். இந்த முகவரி, இந்த வகுப்பு, இந்தப் பயன்பாடு, இந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். ஆர்க்கைவ் மலர்களை இப்போதைக்கு நீங்களே வீட்டில் தரவிறக்கி, பதிப்புரிமை இடம் தருமானால், மாணவர் கற்றல் தளத்தில் பாடத்தோடு சேர்த்துவிடலாம்.

பழைய எழுத்து
அந்த மலர்கள் திஸ்கியில் இருந்தால் என்னிடம் மாற்றி நிரல் இருக்கிறது.

கம்பிவடம்
அவை வருடிய படங்கள், ஐயா. படத்துக்குக் குறியேற்றம் இல்லை.

முல்லைச்சரம்
அனைவருக்கும் நன்றி. முகவரியோடு எழுதியதில் வலைப்பூ இன்று காலை திறந்தது. கூகல் சைட்ஸுக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆர்க்கைவ் மலர்களிலிருந்து தேவையான பக்கங்களை அச்சிட்டுவிட்டோம். பலகை ஒட்டப் போகிறேன்.

புதிய உறுப்பினர் தாழம்பூ
எங்கள் பள்ளியிலும் இதே நிலைதான். நூலகக் கணினியில் ஒரு தளத்துக்கு விலக்கு கிடைத்தால், மாணவர்களின் சொந்தச் சாதனங்களிலும் அது தானாகத் திறந்துவிடுமா?

கம்பிவடம்
பள்ளி வலையமைப்பின் வடிகட்டியும் சாதனத்தில் உள்ள செயலியும் ஒன்றன்று. ஒன்றில் கிடைத்த விலக்கு மற்றதிலும் செல்லும் என்று நம்பிக்கொண்டிருக்காமல், கடிதத்திலேயே இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். முல்லைச்சரம் இன்னும் அந்த வகையின் பெயரைச் சொல்லவில்லை. உங்கள் திரையில் என்ன இருக்கிறது என்பதையாவது எழுதுங்கள்.