புதுப்பிப்பு: மழைக்குப் பின் கலவை மாறியதற்குக் காரணம் கிடைத்தது

வழக்கமான பெட்டியில்தான் மணல் அளக்கிறோம், ஆனாலும் மழைக்குப் பிறகு காங்கிரீட்டில் ஜல்லி துருத்திக்கொண்டு நிற்கிறது, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் மணலின் உப்பல், அதாவது ஈரம் பட்டதும் மணலின் பருமன் கூடுவது.

ஈர மணலில் துகள்களைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. அதன் பரப்பு இழுவிசை துகள்களை நெருங்க விடாது. 5 சதவீத ஈரத்திலேயே மணலின் பருமன் 20 முதல் 30 சதவீதம் கூடலாம், பொடிமணலில் இன்னும் அதிகம். பெட்டி நிறைந்திருக்கும், உள்ளே மணல் குறைவாக இருக்கும். 20 மி.மீ. ஜல்லிக்கு இந்தத் தொல்லை இல்லை.

சோதனை எளிது, எல்லோரும் செய்து பார்க்க வேண்டும். கண்ணாடிப் பாத்திரத்தில் ஈர மணலை 200 மி.மீ. உயரத்துக்குத் தளர்வாகப் போட்டோம். அப்புறம் மூழ்கும்வரை நீர் ஊற்றிக் கிளறிவிட்டோம். மூழ்கியதும் அந்த நீர்ப்படலம் இல்லாமல் போய், மணல் 160-க்கு இறங்கியது. குறைந்த 40-ஐ 160-ஆல் வகுத்தால் 25 சதவீத உப்பல். அந்த அளவு மணலைக் கூட்டிப் போட வேண்டும்.

மணலைக் கூட்டி, அதிலிருக்கும் ஈரத்துக்கு ஏற்ப நீரைக் குறைத்தோம். கலவை நன்றாகக் கூடியது, ஜல்லி பிரியவில்லை. முடிந்தவர்கள் எடைபோட்டே கலக்கலாம். அப்போதும் மணலின் ஈரத்தைக் கணக்கில் கழிக்க வேண்டும்.