மார்ச் 1: லீக்ஸா, டாஃபடிலா? தோசைக்கல்லில் வெல்ஷ் கேக் வருமா?

நீலக்குயில்:
வேல்ஸில், கார்டிஃபில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு. வேல்ஸின் காவல் புனிதரான செயின்ட் டேவிட் நாளன்று லீக்ஸ் (தடித்த வெங்காயத்தாள் மாதிரி) அல்லது டாஃபடில் (மஞ்சள் பூ) சட்டையில் குத்திக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். எது சரி? நிஜப் பூ மதியம் வரை தாங்குமா? வகுப்புக்கு 25 வெல்ஷ் கேக்கும் (உலர்திராட்சை போட்ட சின்னத் தட்டைக் கேக்) வேண்டும். வீட்டில் இருப்பது இரும்புத் தோசைக்கல்தான். முட்டை பரவாயில்லை, பன்றிக்கொழுப்பு வேண்டாம்.

மலைச்சாரல்:
இரண்டும் சரி. மூத்த அடையாளம் லீக்ஸ். வெல்ஷ் படைப்பிரிவில் அன்று இளம் சிப்பாய் லீக்ஸைப் பச்சையாகக் கடித்துத் தின்னும் வழக்கம் இன்னும் இருக்கிறது. டாஃபடில் பிற்பாடு சேர்ந்தது. வெல்ஷில் லீக்ஸ் 'கென்ஹினென்', டாஃபடில் 'கென்ஹினென் பெடர்', அதாவது பேதுருவின் லீக்ஸ். இந்தப் பெயர்க் குழப்பத்தில்தான் பூ உள்ளே நுழைந்தது என்பாரும் உண்டு.

பூ தாங்கும், முதல்நாளே தயார் செய்தால். பாதி விரிந்த, சின்ன ரகப் பூவாகப் பாருங்கள். பெரிய பூ தலைகனத்துக் கவிழும். காம்பை 8 செ.மீ. விட்டு வெட்டினால் வழவழவென்று சாறு வடியும். அது தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். இரவு முழுக்கத் தனித் தண்ணீரில் வைத்து, காலையில் மறுபடி வெட்டாமல் எடுங்கள். வெட்டினால் சாறு திரும்ப வரும். காம்பு நுனியில் ஈரப்பஞ்சு, அதன்மேல் அலுமினியத் தாள். ஊக்கு ஒன்று போதாது, பூ சுற்றிக்கொள்ளும். கழுத்துக்குக் கீழே ஒன்று, காம்பின் அடியில் ஒன்று.

லீக்ஸ் என்றால் விரல் தடிமனில் பிஞ்சாக. ஆனால் வகுப்பறை முழுக்க வெங்காய நெடி அடிக்கும். டாஃபடில் கிழங்கும் வெங்காயம் மாதிரியே இருக்கும், விஷம். சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள்.

கல்லடுப்பு:
கேக்குக்கு வருகிறேன். வெல்ஷில் இதற்கு ஒரு பெயர் 'பிக்கை அர் அ மைன்', கல்மேல் சுட்ட கேக். ஆகவே தோசைக்கல் தாராளமாகப் போதும், அதில் மசாலா வாசனை இல்லாதவரை. கழுவிவிட்டு வெறும் கல்லை ஒரு தடவை நன்றாகக் காயவிடுங்கள்.

25 கேக்குக்கு: செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மாவு) 350 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 175, சர்க்கரை 130, கரன்ட்ஸ் (சின்ன உலர்திராட்சை) 110, மிக்ஸ்டு ஸ்பைஸ் (பட்டை, ஜாதிக்காய் போன்றவை கலந்த பொடி) முக்கால் தேக்கரண்டி, பெரிய முட்டை 1. வெண்ணெயை விரல்நுனியால் மாவில் உதிர்த்து ரவை போலாக்கி, சர்க்கரை, ஸ்பைஸ், திராட்சை, பிறகு முட்டை. சேரவில்லை என்றால் மட்டும் ஒரு கரண்டி பால். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்தால் ரப்பராகிவிடும், சேர்த்துப் பிடித்தால் போதும். 8 மி.மீ. தடிமனில் தேய்த்து, 6.5 செ.மீ. வட்டமாக வெட்டுங்கள்.

தோசை சுடும் சூடு இதற்கு ஆகாது. வெளியே கருகி, உள்ளே மாவாக நிற்கும். கல்லைச் சிறுதீயில் ஐந்து நிமிடம் வைத்து, வெண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, பக்கத்துக்கு 3 முதல் 4 நிமிடம். முதல் கேக்கைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்திலேயே பழுப்பேறினால் தீ அதிகம். பழைய முறையில் பன்றிக்கொழுப்பும் கலப்பார்கள். முழுக்க வெண்ணெய் என்றால் சீக்கிரம் நிறமேறும், அதனால்தான் தீயைக் குறைக்கச் சொல்கிறேன். வெளியே துருத்தி நிற்கும் திராட்சையை உள்ளே அமுக்குங்கள், அதுதான் முதலில் கருகிக் கசக்கும். இறக்கியவுடன், சூடாக இருக்கும்போதே சர்க்கரையில் புரட்டிவிடுங்கள். ஆறினால் ஒட்டாது.

வகுப்பில் முட்டை, பால், கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் உண்டா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அகரமுதலி:
வெல்ஷில் அன்றைய வாழ்த்து: 'டீத் கூயில் டெவி ஹாபிஸ்', இனிய செயின்ட் டேவிட் நாள். 'டீத்' முடிவில் வருவது வெல்ஷின் இரட்டை டி (dd). 'பத்து' என்பதில் வரும் அழுத்தமான த அல்ல, 'அது' என்பதில் வரும் மெல்லிய த. இங்கிலாந்துக்காரர்களைவிட நமக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். இன்னொன்று, அந்த நாள் அரசு விடுமுறை இல்லை. மார்ச் 1 ஞாயிற்றுக்கிழமை வந்தால் பல பள்ளிகள் வெள்ளியன்றே கொண்டாடிவிடும், தேதியைச் சரிபாருங்கள்.

நீலக்குயில்:
நன்றி. மாவை முதல்நாள் இரவே பிசைந்து வைக்கலாமா?

கல்லடுப்பு:
வேண்டாம். ஈரம் பட்டதுமே மாவிலுள்ள பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடும், காலையில் தட்டையாக வரும். வெண்ணெய் உதிர்த்த மாவை மட்டும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முட்டையைக் காலையில் ஊற்றுங்கள். நேரமில்லை என்றால் இரவே சுட்டு, நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து, மேலே போட்ட சர்க்கரை பாகாகிவிடும்.