வடக்கு டகோட்டா வாத்து சீசன்: 14 நாளா, 4 நாளா?

மினசோட்டாக்காரன்:
இன்னொரு திரியில் ஒருவர், “வடக்கு டகோட்டா மாநிலத்தில் வெளிமாநிலத்து வாத்து வேட்டைக்காரர்களுக்கு 14 நாள் அதிகம், 7 ஆகக் குறைக்க வேண்டும்” என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அது 14 நாளே இல்லை. தொடர்ந்து 14 நாள், இல்லையென்றால் ஏழேழு நாளாக இரண்டு தவணை. வார நாளில் வேலைக்குப் போகிறவனுக்கு எப்படிக் கணக்குப் போட்டாலும் இரண்டு சனி, இரண்டு ஞாயிறு. மொத்தம் 4 நாள். அதிலும் பாதியைப் பிடுங்கணுமா?

ஃபார்கோ முத்து:
எழுதியது நான்தான். சட்டத்தில் 14 என்று இருக்கிறது. உங்களுக்கு லீவு கிடைக்காததற்கு எங்கள் மாநிலம் என்ன செய்யும்? மைனஸ் 30 குளிரில் இங்கேயே கிடக்கிறவர்கள் நாங்கள். எங்களுக்கு நல்ல காலம் என்பதே அக்டோபரில் சில வாரம்தான். அப்போது பார்த்து எந்தக் குட்டையோரம் போனாலும் வெளியூர் நம்பர் பிளேட்.

மினசோட்டாக்காரன்:
வாத்து உங்கள் மாநிலத்துச் சொத்தா? கனடாவிலும் டகோட்டாவிலும் குஞ்சு பொரித்து லூசியானா வரை பறக்கிற பறவை. 25 டாலர் கொடுத்து நானும் ஃபெடரல் டக் ஸ்டாம்ப், அதாவது வாத்து வேட்டைக்கு மத்திய அரசு விற்கும் முத்திரை, வாங்குகிறேன். 1934இல் தொடங்கிய அந்த ஸ்டாம்ப் பணத்தில் வாங்கிய சதுப்பு நிலம் உங்கள் ஊரில்தான் ஏராளமாக இருக்கிறது. என் காசில் வாங்கிய குட்டையில் எனக்கு 4 நாள்.

ஃபார்கோ முத்து:
14 நாள். 14. மறுபடி மறுபடி 4 என்று எழுதினால் அது 4 ஆகிவிடாது தம்பி.

வரப்போரம்:
இது கோர்ட் வரை போய் வந்த விஷயம். 2004இல் மினசோட்டா அரசு வடக்கு டகோட்டா மேல் வழக்குப் போட்டது. 2005இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே, மாநிலங்கள் உள்ளூர்க்காரருக்கும் வெளியூர்க்காரருக்கும் தனித்தனி விதி வைக்கலாம் என்று சட்டம் போட்டது. 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் டகோட்டா பக்கம்தான் நின்றது.

ஃபார்கோ முத்து:
கேட்டீர்களா? கோர்ட்டே சொல்லிவிட்டது.

மினசோட்டாக்காரன்:
அதிகாரம் இருக்கிறது என்று சொன்னது. நியாயம் என்று சொல்லவில்லை. அப்புறம், தம்பி என்று கூப்பிடாதீர்கள். எனக்கு 52 வயது.

லிட்டில்ராக் சேகர்:
ஆர்கன்சாவுக்கு ஒரு சீசன் வந்து பாருங்கள். பாயூ மீட்டோ என்கிற அரசு வேட்டை நிலத்தில் விடிவதற்கு எத்தனையோ மணி நேரம் முன்பே படகுத்துறையில் வரிசை. இருட்டில் படகை விரட்டிக்கொண்டு மரங்களுக்கு நடுவே போகிறார்கள், உயிருக்கே உத்தரவாதம் இல்லை. அதனால்தான் அரசு வேட்டை நிலங்களில் வெளியாருக்குக் குறிப்பிட்ட தேதிகள் மட்டும். முத்து சொல்வது சரி.

ஏரிக்கரை:
தெற்கு டகோட்டாவில் வெளிமாநிலத்தாருக்குக் குலுக்கலில் பெயர் வந்தால்தான் லைசன்ஸ். வந்தாலும் 10 நாள், இல்லையென்றால் ஐந்தைந்தாக இரண்டு முறை. மினசோட்டாக்காரர் அதையும் நினைத்துப் பார்க்கட்டும்.

மினசோட்டாக்காரன்:
பக்கத்து வீட்டில் அடி விழுகிறது என்பதற்காக நான் உதை வாங்கணுமா? 4 நாள் என்று சொன்னேன், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஃபார்கோ முத்து:
பதில் சொல்லியாகிவிட்டது: 14. இன்னொன்றும் சொல்கிறேன். இங்கே ‘வேட்டைக்கு வராதே’ என்று போர்டு வைக்காத தனியார் நிலத்தில் உரிமையாளரைக் கேட்காமலே வேட்டைக்கு இறங்கலாம். அந்தப் பெருந்தன்மையைக் கெடுத்தது யார்? போன வருஷம் மழை பெய்த மறுநாள் அறுவடை வயலுக்குள் வண்டியை விட்டு உழுதுவிட்டுப் போனார்கள். அடுத்த வாரமே அந்த விவசாயி நாலு பக்கமும் போர்டு வைத்துவிட்டார். பத்து வருஷமாக நான் போய்வந்த இடம். அதுமட்டுமா, சாயங்காலம் வாத்து அடையும் குட்டையிலேயே சுடுகிறார்கள். அப்படிச் சுட்டால் மறுநாள் அந்த வட்டாரத்தில் ஒரு மல்லார்டு வாத்தைக்கூடப் பார்க்க முடியாது. உள்ளூர்க்காரன் அதைச் செய்ய மாட்டான், மறுநாளும் அவனுக்கு அதே குட்டை வேண்டும்.

மினசோட்டாக்காரன்:
வயலை உழுதது மினசோட்டா வண்டி என்று பார்த்தீர்களா? உள்ளூர்க்காரன் அடையும் குட்டையில் சுட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஃபார்கோ முத்து:
எந்தக் குட்டை? பெயர் சொல்லுங்கள்.

மினசோட்டாக்காரன்:
சொன்னால் அடுத்த நாளே அங்கே நீங்கள் நிற்பீர்கள்.

ஏரிக்கரை:
முத்து அண்ணே, 2 வருஷம் முன்னால் என்னிடம் வாங்கிய, வாத்துகளை ஈர்க்க மிதக்கவிடும் பொம்மை வாத்து 2 டஜன் இன்னும் திரும்பி வரவில்லை. திரியில் பார்த்ததால் கேட்கிறேன்.

ஃபார்கோ முத்து:
அதை இங்கேயா பேசுவது? ஒன்றரை டஜன்தான் கொடுத்தீர்கள்.

ஏரிக்கரை:
2 டஜன்.

வரப்போரம்:
தலைப்புக்கு வருவோமா? உள்ளூர்க்காரருக்கு மட்டும் சீசன் ஒரு வாரம் முன்னதாகத் தொடங்குகிறதே, அதைப் பற்றி யாருமே பேசவில்லை.

ஃபார்கோ முத்து:
அந்த ஒரு வாரம் எங்களுடையது, அதில் பேச ஒன்றுமில்லை. 14 நாள் அதிகம், 7 போதும். நேற்றும் அதைத்தான் சொன்னேன், நாளைக்கும் அதைத்தான் சொல்வேன்.

மினசோட்டாக்காரன்:
4 நாள்.