மாற்றியமைத்த ஆஃப்-ரோடு வண்டிகளில் வீல் ஸ்டட் முறிவு: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

தொடக்கப் பதிவு

பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், வெளியே தள்ளி நிற்கும் வீல் என்று மாற்றியமைத்த வண்டிகளில் வீல் ஸ்டட் (அச்சின் முனையில் சக்கரம் பூட்டும் பகுதியான ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டு, வீலின் துளை வழியே வந்து நட்டை ஏற்கும் மரையிட்ட தண்டு) முறிந்ததை நேரில் கண்டவர்கள், அது எப்படி முறிந்தது என்பதோடு, முறிவதற்கு முன் வண்டி என்ன அறிகுறி காட்டியது என்பதையும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வரிசையாகச் சென்ற வண்டிகளில் எனக்கு முன்னால் சென்றது 35 அங்குல டயர் போட்ட ஒரு பிக்கப். பாறைகள் நிறைந்த சரிவில் மெதுவாக இறங்கும்போது, அதன் பின்பக்க இடது சக்கரத்திலிருந்து ‘டக், டக்’ என்ற ஓசை சீராக வந்துகொண்டிருந்தது. வேகம் கூடினால் ஓசை மறைந்துவிடுகிறது என்றும், பிரேக்கில் கல் சிக்கியிருக்கலாம் என்றும் ஓட்டியவர் வயர்லெஸ்ஸில் சொன்னார். சமதளத்தில் நிறுத்திப் பார்த்தபோது ஆறு ஸ்டட்களில் இரண்டு முறிந்து, நட்டோடு காணாமல் போயிருந்தன. மூன்றாவதன் நட்டைக் கையாலேயே கழற்ற முடிந்தது. வீலை இறக்கியதும் அலாய் துளைகளைச் சுற்றிக் கன்னங்கரிய தூள் அப்பியிருந்தது தெரிந்தது. துளைகள் வட்டம் கெட்டு நீண்டிருந்தன. ஹப்பில் மிஞ்சியிருந்த ஸ்டட்டின் முறிந்த முகத்தைத் துணியால் துடைத்து, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். முக்கால் பங்குக்கு மேல் வழவழப்பாக, மணலில் அலை விட்டுச் சென்ற வரிகளைப் போன்ற வளைந்த கோடுகளோடு இருந்தது. ஓரத்தில் ஒரு பிறையளவு இடம் மட்டும் சொரசொரப்பாகவும் புதுப்பளபளப்போடும் இருந்தது.

அப்படியென்றால் அந்த ஸ்டட் அன்றைய பாறையில் முறியவில்லை. மரையின் அடிப்பள்ளத்தில் தொடங்கிய விரிசல், சக்கரம் சுற்றச் சுற்றச் சிறிது சிறிதாக உள்ளே நகர்ந்து, கடைசியாக மிஞ்சிய பிறையளவு உலோகத்தால் தாங்க முடியாத நேரத்தில் அறுந்திருக்கிறது. அளவுக்கு மீறி முடுக்கியதால் ஒரே இழுப்பில் அறுந்த ஸ்டட் இப்படி இருக்காது. அது முதலில் நீண்டு, ஓரிடத்தில் மெலிந்து, பிறகுதான் அறும். ஆகவே முறிந்த துண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். என்ன நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வண்டியின் எடை ஸ்டட்களின் மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஸ்டட்டின் வேலை வீலை ஹப் முகத்தோடு இறுக்கிப் பிடிப்பதுதான். எடையையும் எஞ்சினின் உந்துதலையும் பிரேக்கின் பிடியையும் கடத்துவது அந்த இரண்டு முகங்களுக்கும் இடையிலுள்ள உராய்வு. எம்12 அளவுள்ள, அதாவது 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு ஸ்டட்டை, மரை உலர்ந்த நிலையில், 110 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினால் அதில் ஏறத்தாழ 45 கிலோநியூட்டன், அதாவது நாலரை டன் இழுவிசை உண்டாகும். ஆறு ஸ்டட்களுக்கும் சேர்த்து 270 கிலோநியூட்டன். உராய்வுக் குணகத்தை 0.15 என்று வைத்துக்கொண்டால், நான்கு டன் அளவு விசை வரும்வரை வீல் ஹப்பின் மேல் வழுக்காது. ஒரு சக்கரத்தின் மேல் முக்கால் டன் எடை நிற்கிறது என்றால், குழியில் விழும் அதிர்ச்சி அதை மூன்று மடங்காக்கினாலும் இறுக்கம் மிச்சமிருக்கும். அந்த இறுக்கம் பாதியாகக் குறைந்த வண்டியிலோ அதே குழியில் வீல் கண்ணுக்குத் தெரியாத அளவில் வழுக்கும். அந்தக் கணம் முதல் ஸ்டட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரத் தொடங்கிவிடும். மேலே சொன்ன கறுப்புத் தூள், இப்படி உரசித் தேய்ந்த அலுமினியம்தான்.

பெரிய டயர் இதில் செய்வது என்ன? வீலோடு சேர்த்து 45 கிலோவைத் தொடும் எடையைத் தருகிறது. பக்கவாட்டில் பாறை இடிக்கும்போது டயரின் ஆரம் எவ்வளவு கூடியதோ அவ்வளவு நீளமான நெம்புகோலாக ஹப்பின் மேல் வேலை செய்கிறது. குறைந்த ஆஃப்செட் வீல், அதாவது வெளியே தள்ளி நிற்கும் வீல், அதன்மேல் இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது. பழைய டயரில் தளர்ந்த நட்டோடு நெடுந்தூரம் ஓடிய வண்டி, புதிய டயரில் அப்படி ஓடாது. ஆனாலும் என் கணிப்பில் முறிவின் தொடக்கம் டயர் அல்ல, இறுக்கம் குறைந்ததுதான். அது எப்படிக் குறைகிறது என்பதை மற்றவர்கள் எழுதட்டும்.

மறுமொழி: பட்டறையிலிருந்து

ஐயா, நட் திரும்பாமலேயே இறுக்கம் போகும் என்று சொன்னால் எங்கள் பட்டறைக்கு வருபவர்கள் நம்புவதில்லை. ஒருவர் தம் ஸ்டீல் வீல்களுக்குப் புதிதாகப் பவுடர் கோட்டிங் செய்து, முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு, எதிரெதிர் நட்டாக நட்சத்திர வரிசையில், கையேட்டில் உள்ள அளவுக்கே முடுக்கியிருந்தார். அடுத்த வாரம் வண்டியைக் கொண்டுவந்தபோது எல்லா நட்டும் மேலும் திரும்பின. நட்டின் மேல் அவர் போட்டுவைத்திருந்த பெயின்ட் கோடு மட்டும் இடம் மாறவில்லை. வீலைக் கழற்றிப் பார்த்தால், நட் உட்காரும் கூம்புப் பள்ளத்தில் கோட்டிங் நசுங்கி, விளிம்பில் மெல்லிய வளையமாகப் பிதுங்கியிருந்தது. ஹப் முகத்தைத் தொடும் பின்புறத்திலும் அப்படியே.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் வியப்பு இல்லை. முடுக்கிய ஸ்டட் ஒரு சுருள்வில்லைப் போல இழுபட்டு நிற்கிறது. அந்த இழுபாடுதான் பிடிப்பு. ஹப், டிஸ்க், வீல் மூன்றும் சேர்ந்து 30 மில்லிமீட்டர் கனம் என்றால், 45 கிலோநியூட்டனில் எம்12 ஸ்டட் நீள்வது வெறும் 0.08 மில்லிமீட்டர்தான். ஒரே பூச்சுப் பவுடர் கோட்டிங்கின் கனமும் கிட்டத்தட்ட அவ்வளவே. இந்த இரண்டு முகங்களிலும் இருக்கும் பூச்சு நசுங்கினாலே போதும், நட் இம்மியும் திரும்பாமல் பிடிப்பு முழுவதும் கரைந்துவிடும். துருச் செதிலும், காய்ந்த சேறும், டிஸ்க்கின் மேல் அடித்த பெயின்ட்டும் செய்வது இதையேதான். ஆகையால் நட் உட்காரும் பள்ளமும், வீலின் பின்முகமும், ஹப் முகமும் வெறும் உலோகமாக இருக்க வேண்டும். சேற்றுக்கு நடுவே ஸ்டெப்னி மாற்ற நேர்ந்தால் கம்பி பிரஷ்ஷால் இரண்டு முகங்களையும் தேய்த்துவிட்டுப் பூட்டுங்கள். நல்ல தரைக்கு வந்ததும் இன்னொரு முறை முடுக்கிப் பாருங்கள்.

துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று மரையில் கிரீஸோ செம்புப் பசையோ தடவுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரெஞ்ச்சில் காட்டும் எண்ணில் பெரும்பகுதி உராய்வை வெல்லவே செலவாகிறது. உராய்வைக் குறைத்துவிட்டு அதே 110 நியூட்டன் மீட்டர் கொடுத்தால், இழுவிசை 45-லிருந்து 75 கிலோநியூட்டன் வரை ஏறக்கூடும். 10.9 என்ற வலிமைத் தரத்து எம்12 × 1.5 ஸ்டட் (1.5 என்பது மில்லிமீட்டரில் மரையின் இடைவெளி) நிரந்தரமாக நீளாமல் தாங்கும் எல்லை சுமார் 73 தான். தயாரிப்பாளர் எண்ணெய் இடச் சொல்லியிருந்தால் இடுங்கள். சொல்லாவிட்டால் மரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கட்டும். காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் கன்னால் கடைசிவரை முடுக்கும் பழக்கத்தைப் பற்றித் தனியாக எழுத எனக்குப் பொறுமை இல்லை. அதைக் கழற்ற மட்டும் பயன்படுத்துங்கள்.

மறுமொழி: ஸ்பேசர் பற்றி

எங்கள் குழுவில் ஒரு வண்டிக்கு, வீலை வெளியே தள்ளி நிறுத்துவதற்காக, 10 மில்லிமீட்டர் தட்டு ஸ்பேசர் போட்டிருந்தார்கள். தனக்கென ஸ்டட் இல்லாமல், வீலுக்குப் பின்னால் வெறுமனே செருகும் வகை அது. வீல் மாற்றும்போது நான் நட்டைக் கையால் சுற்றி எண்ணினேன். நாலரைச் சுற்றில் உட்கார்ந்துவிட்டது. எம்12 × 1.5 மரையில் ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர், ஆக ஏழு மில்லிமீட்டருக்கும் குறைவான மரைதான் அந்த வீலைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை கவ்வ வேண்டும் என்பது பொது வழக்கம். அதாவது எம்12-க்கு எட்டுச் சுற்று, எம்14 × 1.5-க்கு ஒன்பதுக்கு மேல். இந்தச் சோதனைக்குக் கருவியே தேவையில்லை என்பதால், புது வீல் வாங்கும் ஒவ்வொருவரும் வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே எண்ணிப் பார்க்கலாம்.

தனி ஸ்டட்களோடு ஹப்பில் போல்ட் செய்யும் ஸ்பேசர் இதைவிட மேல். ஆனால் அங்கே இறுக்கம் இரண்டு இடங்களில் இருக்கிறது. உள்ளே இருக்கும் நட்களை, வீலைக் கழற்றாமல் யாரும் பார்க்க முடியாது. வெளி நட்களை வாரந்தோறும் சரிபார்க்கும் அக்கறையான ஆட்களே உள் நட்களை ஓராண்டாகத் தொடாமல் விட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். ஹப்பின் நடுவளையத்தில் ஸ்பேசரும், ஸ்பேசரின் நடுவளையத்தில் வீலும் கச்சிதமாக உட்காராவிட்டால், மையப்படுத்தும் வேலையும் நட்களின் தலையில் விழும்.

நட்டின் உட்காரும் முகத்தையும் கவனியுங்கள். சில அசல் அலாய் வீல்களுக்கு வாஷரோடு கூடிய தட்டை முக நட், வெளியே வாங்கும் வீல்கள் பலவற்றுக்கு 60 பாகைக் கூம்பு நட், வேறு சிலவற்றுக்கு உருண்டை முகம். மாற்றிப் போட்டாலும் முடுக்க முடியும், ரெஞ்ச்சும் ‘கிளிக்’ என்று சொல்லும். தொடுவது மட்டும் மெல்லிய ஒரு கோடாக இருக்கும், விரைவில் அது நசுங்கிவிடும்.

மறுமொழி: தடித்த ஸ்டட், உயர்ந்த தரம்

ஸ்டட் முறிந்த உடனே எல்லோரும் தேடுவது 12.9 தர ஸ்டட்டைத்தான். தலையில் உள்ள எண்ணின் முதற்பகுதியை நூறால் பெருக்கினால் அறுபடும் வலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கும். அந்த வகையில் 12.9 வலுவானதுதான். ஆனால் முறிவு களைப்பால், அதாவது திரும்பத் திரும்ப வளைந்து விரிசல் வளர்ந்ததால், வந்திருந்தால், தளர்ந்த ஒரு சக்கரத்தில் 12.9 தாங்கும் காலம் பெரிதாக நீளாது. மேலும், இவ்வளவு கடினப்படுத்திய எஃகுக்கு மின்முலாம் பூசும்போது உள்ளே புகும் ஹைட்ரஜன் அதை நொறுங்கும் தன்மை உள்ளதாக்கிவிடும். முடுக்கிய சில மணி நேரத்துக்குப் பிறகு, நிறுத்தி வைத்த வண்டியிலேயே தலை தெறித்து விழுந்த ஒரு பளபளப்பான ஸ்டட்டை என் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மூலம் தெரியாத 12.9-ஐவிட, நம்பத்தக்க 10.9 எனக்கு மேல்.

எம்12-லிருந்து எம்14-க்குப் போவது வேறு விஷயம். அதில் பொருள் உண்டு. இழுவிசை தாங்கும் குறுக்குவெட்டு 88 சதுர மில்லிமீட்டரிலிருந்து 125 ஆகிறது. தயாரிப்பாளர்களே வண்டி கனக்கக் கனக்க அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறார்கள்: லேண்ட் குரூசர் 80 வரிசையில் ஆறு எம்12 இருந்த இடத்தில் 100 வரிசையில் ஐந்து எம்14 வந்தது, ஜீப் ராங்லரின் ஜேகே தலைமுறையில் அரை அங்குல ஸ்டட், அடுத்து வந்த ஜேஎல் தலைமுறையில் எம்14. ஆனால் மாற்றிய பிறகும் பழைய 110 நியூட்டன் மீட்டரிலேயே முடுக்கினால், எம்14-இல் கிடைக்கும் இழுவிசை 39 கிலோநியூட்டன்தான். எம்12-இல் கிடைத்ததைவிடக் குறைவு! தடிமனுக்குச் செலவழித்துவிட்டுப் பிடிப்பைக் குறைத்துக்கொண்ட கதையாகிவிடும். 10.9 தர எம்14-க்குத் தேவையான அளவு பொதுவாக 150-க்கு மேல், 200-க்குள் எங்கோ இருக்கும். எம்14-ஓடு வெளிவந்த வண்டியின் கையேட்டைப் பார்த்து, வீல் தயாரிப்பாளரின் வரம்போடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

மறுமொழி: இடப்பக்கம் ஏன்?

தொடக்கப் பதிவிலும் இடது சக்கரம்தான். நான் கண்டதும் பெரும்பாலும் இடதுதான். வலஞ்சுழி மரையுள்ள நட், இடப்பக்கத்தில் சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையிலேயே கழலக்கூடியது. அதனாலேயே பழைய வில்லிஸ் ஜீப்பில் இடப்பக்கத்துக்கு இடஞ்சுழி மரை வைத்திருந்தார்கள். பழைய வண்டியை வாங்கி மாற்றியமைப்பவர்கள் இதை அறியாமல், கழற்றுவதாக எண்ணி மேலும் மேலும் முடுக்கி ஸ்டட்டை முறிப்பதும் நடக்கிறது. அதிர்வால் நட் கழல்வதைப் பொறுத்தவரை, 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், ஸ்டட்டின் நீளவாட்டில் வரும் அதிர்வைவிடக் குறுக்குவாட்டில் வரும் வழுக்கலே நட்டைக் கழற்றுகிறது என்று சோதனையில் காட்டினார். போதிய இறுக்கம் இருந்தால் வழுக்கல் இல்லை. வழுக்கல் இல்லாவிட்டால் இடதும் வலதும் ஒன்றுதான்.

மறுமொழி: பட்டறையிலிருந்து மீண்டும்

தனிச்செய்தியில் சிலர் ஸ்டட் மாற்றுவது பற்றிக் கேட்டிருப்பதால் இதையும் சேர்க்கிறேன். ஒன்று முறிந்திருந்தால் அதன் இருபுறமும் உள்ளவற்றையும் மாற்றுங்கள், ஏனென்றால் அதன் சுமையை அவையே தாங்கியிருக்கும். இரண்டு முறிந்திருந்தால் அந்த ஹப்பில் உள்ள அனைத்தையும் மாற்றுங்கள். புது ஸ்டட்டின் பல்வரி (ஹப் துளையைக் கவ்வும் வரிகள்) விட்டம் பழையதற்குச் சரியாக இல்லாவிட்டால், அது துளையில் சுற்றும் அல்லது ஹப்பைப் பிளக்கும். ஹப்பைக் கழற்றி பிரஸ்ஸில் அழுத்துவதே முறை. நட்டை மாட்டி ஏர் கன்னால் இழுத்து உட்கார வைத்தால், வேலைக்கு வருமுன்பே புது ஸ்டட் நீண்டுவிடக்கூடும். தலை முழுவதும் அமராமல் நிற்கவும் வாய்ப்புண்டு. அப்படி நின்ற தலை, கரடுமுரடான பாதையில் போகும்போது மீதித் தூரத்தை அமர்ந்துகொள்ளும். மேலே சொன்ன 0.08 மில்லிமீட்டர் அங்கேயே காலி. ஹப்பின் பின்புறத்தில் விளக்கடித்து, ஒவ்வொரு தலையும் இடைவெளியின்றி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீலைப் பூட்டுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் ஆறியிருக்கும்போது மறுபடி முடுக்கிப் பாருங்கள். அப்போது ஒரே ஒரு நட் மட்டும் திரும்பினால், அதை முடுக்கிவிட்டுப் போய்விடாமல் வீலைக் கழற்றி அந்தத் துளையைப் பாருங்கள்.